லோரா கருவிக்கு இடிஏ வாங்கிய அனுபவம்

தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஓட்டவும் நிறுத்தவும் லோரா (குறைந்த மின்சக்தியில் வெகுதூரம் சிறு செய்திகளை அனுப்பும் முறை) ரேடியோ வைத்த ஒரு கருவியைக் கோயம்புத்தூரில் செய்கிறோம். விற்பனைக்குப் போகுமுன் மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவிடம் இடிஏ, அதாவது கருவி வகை ஒப்புதல் வாங்க வேண்டும். “லைசென்ஸ் வேண்டாத பேண்டுதானே, இதற்கு எதற்கு ஒப்புதல்?” என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் எந்த அலைவரிசை, எவ்வளவு பவர், எவ்வளவு அகலம் என்ற விதி உண்டு. கருவி அதற்குள் நிற்கிறது என்று காட்டுவதுதான் இடிஏ.

முதலில் முடிவு செய்ய வேண்டியது அலைவரிசை. ஆன்லைனில் 915 மெகாஹெர்ட்ஸ் லோரா போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். இங்கே 890 முதல் 915 வரை கைபேசிகள் டவரோடு பேசும் இடம். அந்தப் போர்டைத் தோட்டத்தில் வைத்தால் ஊர்க்காரர்களின் போன் கெடலாம். தயவுசெய்து வாங்காதீர்கள். நமக்கு 2005 விதிப்படி 865 முதல் 867 வரை கிடைத்தது. 2021இல் அதை 868 வரை நீட்டினார்கள். ட்ரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட் வரை போகலாம். எங்களுக்கு 25 மில்லிவாட்டே போதுமாக இருந்தது.

அப்புறம் லேப். என்ஏபிஎல் என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தின் ஆர்எஃப் (ரேடியோ அலை) ரிப்போர்ட் தேவை. ஆன்டெனாவைக் கழற்றி, கேபிள் வழியாக, எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் போர்டை இணைத்தார்கள். 866இல் எதிர்பார்த்த முகடு நின்றது. திரையை அகலப்படுத்தியதும் 1732இல் இன்னொரு சின்ன முகடு எழுந்தது. அதுதான் இரண்டாம் ஹார்மோனிக், அடிப்படை அலையின் இரட்டிப்பு. 1710 முதல் 1785 வரையும் கைபேசிகளுக்கு உரியது என்பதால் அதை அப்படியே விட மனம் வரவில்லை. சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே இருந்த, உயர்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்ட்டரின் கெப்பாசிட்டர் மதிப்புகளை மாற்றி, போர்டின் கிரவுண்ட் அடுக்குகளை இணைக்கும் துளைகளைக் கூட்டினோம். அந்த முகடு இரைச்சலுக்குள் அமுங்கிவிட்டது. ரிப்போர்ட் வந்தபின் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் பதிவு, கட்டணம், சுய அறிவிப்பு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

பெரிய பாடு அதற்கப்புறம்தான். ஒரு வீட்டு மொட்டை மாடியில், மோட்டார் ரூம் கருவிகளோடு பேசும் மையக் கருவியான கேட்வேயை வைத்தோம். பக்கத்துக் கட்டடத்தில் செல்போன் டவர். அருகிலிருந்த மோட்டார் ரூம் பேசியது. தோப்பின் கடைசியில் இருந்தது பேசவே இல்லை. அந்த டவர் 869க்கு மேல் பலமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எங்கள் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. மூன்று மெகாஹெர்ட்ஸ் தள்ளி அவ்வளவு பலமான அலை இருந்தால் ரிசீவரின் முன்பகுதி திணறிப்போய், தூரத்துச் சன்னமான சிக்னலைக் கேட்காது. பக்கத்தில் மேளம் அடிக்கும்போது காதில் ரகசியம் சொல்வது மாதிரி.

டவர் மீது தவறில்லை. அது தனக்கு ஒதுக்கிய இடத்தில்தான் இருக்கிறது. விதியும் தெளிவாகச் சொல்கிறது: நாம் யாருக்கும் குறுக்கீடு செய்யக் கூடாது, நமக்குக் குறுக்கீடு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது. இது நியாயம் என்றே நினைக்கிறேன். கட்டணம் கட்டி அலைக்கற்றை எடுத்தவருக்கும் நமக்கும் ஒரே உரிமை இருக்க முடியாது. ஆனால் இதை மனதில் வைத்துத்தான் கருவியைச் செய்ய வேண்டும்.

ஆன்டெனாவை மாடிப்படி அறையின் மறுபக்கம் மாற்றி, டவருக்கும் அதற்கும் நடுவே சுவர் வரும்படி செய்தோம். கூடவே 867க்கு மேற்பட்ட அலைகளைச் சட்டென வெட்டும் கேவிட்டி ஃபில்ட்டர் ஒன்றையும் போட்டோம். விலை அதிகம்தான், ஆனால் தோப்பின் கடைசி மோட்டார் அன்றே பேசியது. மென்பொருளிலும் ஒரு மாற்றம்: வீட்டிலிருந்து குறித்த நேரத்துக்குள் சிக்னல் வராவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானாக நின்றுவிடும்.