வாருக்குப் பத்து ஜிபி ஒதுக்கியதால் வீணான மூன்று நாட்கள்

அம்பாசமுத்திரத்தில் மாமாவின் உரக்கடைக் கணினிக்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தபோது எந்தத் தடங்கலும் வரவில்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி வட்டை ரூட் (இயங்குதளம்), வார் (நிரல்கள் ஓடும்போது சேரும் தரவு), ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணை இடம்), டெம்ப் (தற்காலிகக் கோப்புகள்), ஹோம் (பயனரின் கோப்புகள்) என்ற வரிசையில் பகுதிகளாகப் பிரித்து, வாருக்குப் பத்து ஜிபி போதும் என்று முடிவு செய்து, மீதி முழுவதையும் ஹோமுக்குக் கொடுத்துவிட்டேன். கடைக் கணினியில் ஹோமில் சேர்வது பில் பிடிஎஃப்கள் மட்டுமே என்பதையும், பில் கணக்குகளை வைத்திருக்கும் மரியாடிபி என்ற தரவுத்தளத்தின் தரவு, நிரல்கள் எழுதும் லாக் கோப்புகள், மென்பொருள் நிறுவும் ஆப்ட் இறக்கி வைக்கும் தொகுப்புகள், இரவுதோறும் நான் எடுக்கச் செய்திருந்த நகல்கள் ஆகிய அனைத்தும் வாரில்தான் குவியும் என்பதையும் அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, பிசான நடவுக்கு யூரியா வாங்கக் கூட்டம் நின்ற ஒரு காலையில் மாமா அழைத்தார்: "மருமவனே, பில்லு விழ மாட்டேங்கு, ஆளுக வரிசையில நிக்காவ." வாரின் பத்து ஜிபியும் நிரம்பிவிட்டிருந்தது.

பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோமைச் சுருக்கி வாரைப் பெருக்கலாம் என்று அவர் உறுதியாகச் சொன்னதை நம்பி, பென்டிரைவ்கூட எடுக்காமல் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். ஆனால் நான் போட்டிருந்த இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை உள்ள பகுதியை ஓட்டத்தில் பெருக்கலாமே தவிரச் சுருக்க முடியாது. சுருக்க அந்தப் பகுதியை அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்ற வேண்டும். ஆப்ட் தொகுப்புகளை அழித்துச் சில நூறு எம்பி இடம் உண்டாக்கிப் பில் போட வழி செய்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள், பகுதிகளை மாற்றும் ஜிபார்ட்டட் நிரலோடு தன்னிலிருந்தே கணினியைத் தொடங்க வைக்கும் லைவ் பென்டிரைவுடன் போனபோதுதான் வரிசையின் கேடு புரிந்தது. காலி இடம் ஹோமில் இருக்கிறது. வாருக்கும் ஹோமுக்கும் நடுவே ஸ்வாப்பும் டெம்ப்பும் நிற்கின்றன. ஹோமின் முன்பக்கத்தை வெட்டினால் அதிலுள்ள தரவு முழுவதையும் நகர்த்த வேண்டும். நகரும் நடுவில் மின்சாரம் போனால் தரவு மிஞ்சுமா என்பதே சந்தேகம். வெளியே மழை, கடையில் யுபிஎஸ் இல்லை. நான் துணியவில்லை, இன்றும் அதைச் சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

அன்றிரவு தரவுத்தளக் கோப்புறையை ஹோமுக்கு மாற்றி, அமைப்புக் கோப்பில் பாதையையும் திருத்தினேன். மரியாடிபி எழவே இல்லை. கோப்புகளின் உரிமையை மூன்று முறை சரிபார்த்து இரண்டு மணி நேரம் போன பின், அதைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் புரொடெக்ட்ஹோம் என்ற வரி கண்ணில் பட்டது. ஹோமுக்குள் எதையும் தொட அந்தச் சேவைக்கு அனுமதியே இல்லை. இதே குறுக்குவழியை யோசிப்பவர்கள் முதலில் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள், எல்லாவற்றையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்பதையும் சோதித்த பின், பகுதிகளின் அளவைப் பின்னால் எளிதாக மாற்ற உதவும் எல்விஎம் வைத்துப் புதிதாக நிறுவினேன். 240 ஜிபி வட்டு கணினிக் கணக்கில் ஏறக்குறைய 223 தான் வரும். அதில் ரூட்டுக்கு 30, வாருக்கு 60, ஹோமுக்கு 60, ஸ்வாப்புக்கு 8 கொடுத்து, எஞ்சிய அறுபத்துச் சொச்சத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டேன். டெபியனின் நிறுவல் நிரலே தானாகப் பிரிக்கும் வழியில் போகிறவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும்: எவ்வளவு இடத்தைப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் பெட்டியில் முழு அளவே நிரம்பியிருக்கும், யோசிக்காமல் என்டர் தட்டினால் பின்னால் பெருக்க ஒன்றும் மிஞ்சாது. அளவுகளை நானே தீர்மானிக்க விரும்பியதால் கைமுறைப் பிரிப்பையே தேர்ந்தெடுத்தேன்.

போன மாதம் வாருக்கு மேலும் பத்து ஜிபி தேவைப்பட்டது. பாளையங்கோட்டை வீட்டில் இருந்தபடியே பகுதியைப் பெருக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை, கோப்பு முறைமையையும் சேர்த்து விரிக்கும் ஆர் (-r) தெரிவுடன் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்தே விரிந்தன. மாமாவை அழைத்துக் கேட்டபோது அவர் பில் போட்டுக்கொண்டிருந்தார், எதுவும் நிற்கவில்லை என்றார்.