அம்மாவோட பல்செட்டு

மார்ச் 4
அம்மா போன்ல பேசிட்டு இருந்தாங்க, நான் பக்கத்து ரூம்ல. அவங்க குரலுக்கு முன்னாடி டக் டக்னு ஒரு சத்தம் தான் காதுல விழுந்துச்சு. செட்டுப்பல்லு மேலயும் கீழயும் மோதுற சத்தம். லூசாயிருச்சாம்மான்னு கேட்டா "அதெல்லாம் இல்லடி, உடையவா செஞ்சிருக்கு, நல்லாத்தான் இருக்கு"ங்கறாங்க. கட்டி 11 வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட டாக்டர்கிட்ட காட்டல, எனக்கும் தோணவே இல்ல. அது தான் மனசை அறுக்குது.

மார்ச் 6
கழுவித் தரேன்னு சொல்லி செட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். கடைவாய்ப் பல்லுல மேடு பள்ளம் எதுவுமே இல்ல, தேஞ்சு தேஞ்சு வழவழன்னு பலகை மாதிரி இருக்கு. மேல் செட்டுக்கு நடுவுல முடி மாதிரி மெல்லிசா ஒரு விரிசல், நகத்தை வெச்சு இழுத்தா மாட்டுது. ஈறு மாதிரி ரோஸ் கலர்ல இருக்குற பாகமும் வெளுத்துப் போச்சு. ராத்திரியும் கழட்டாம தான் தூங்குறாங்கன்னு இன்னிக்குத் தான் தெரிஞ்சுது.

மார்ச் 7
வாயோட ரெண்டு ஓரத்துலயும் வெடிப்பு, கொஞ்ச நாளாவே இருக்கு. சத்துக் குறைவுன்னு நெனச்சு மாத்திரை வாங்கிக் குடுத்தேன். பழைய போட்டோவையும் இப்ப இருக்குற முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, தாடை மூக்குக்குக் கிட்ட வந்த மாதிரி இருக்கு, உதடு உள்ள போயிருச்சு. வயசாச்சுன்னு நாமளே முடிவு பண்ணிட்டோம்.

மார்ச் 11
டாக்டர்கிட்ட போனோம். முதல்ல செட்டைக் கழட்டி ஈறை விரலால தடவிப் பாத்தார், நாக்குக்கு அடியில, கன்னத்துக்கு உள்பக்கம் எல்லாம் பாத்தார். செட்டு உரசி வந்த புண்ணுன்னு நெனச்சு யாரும் சும்மா இருக்கக் கூடாது, 2 வாரத்துல ஆறலைன்னா கட்டாயம் காட்டணும், புத்துநோயான்னும் பாக்கணும்னு சொன்னார். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்ல, அப்பத் தான் எனக்கு மூச்சு வந்துச்சு. மேல் அண்ணம் மட்டும் செட்டு உக்கார்ற இடம் முழுக்க செவப்பா இருந்துச்சு. கழட்டாமயே போட்டுக்கிட்டா வர்ற பூஞ்சைத் தொற்றாம். வலியே இருக்காதாம், அதனால போட்டிருக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் மூக்கு நுனியிலயும் தாடையிலயும் ஒரு புள்ளி வெச்சு, வாயைத் தளர்வா விட்டப்ப எவ்வளவு, கடிச்சப்ப எவ்வளவுன்னு அளந்தார். வழக்கமா 2லேருந்து 4 மில்லிமீட்டர் வித்தியாசம் தான் இருக்கணுமாம், அம்மாவுக்கு 8க்கு மேல. பல்லு தேஞ்சு உயரம் குறைஞ்சதால கடிக்கறப்ப முகம் மடங்குது, அந்த மடிப்புல எச்சில் தேங்கி ஓரம் வெடிக்குது. நான் சத்து மாத்திரை குடுத்துட்டு இருந்தேன்.

லூசானதுக்குக் காரணம் செட்டு மட்டும் இல்லையாம். பல்லு எடுத்தப்புறம் தாடை எலும்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும், முதல் வருஷம் வேகமா, பிறகு மெதுவா, ஆனா நிக்காது. அதுவும் கீழ்த் தாடை மேல் தாடையை விட ரொம்ப அதிகமா கரையும். செட்டு அப்படியே இருக்கும், அது உக்கார்ற இடம் தான் மாறிடும். இது அவ்வளவு மெதுவா நடக்குறதால போட்டிருக்குறவங்க நாக்காலயும் கன்னத்தாலயும் செட்டைப் பிடிச்சுக்கப் பழகிடறாங்க. அம்மா "நல்லாத்தான் இருக்கு"ன்னது பொய்யே இல்ல, அவங்களுக்கு அப்படித் தான் இருந்திருக்கு.

உள்பக்கம் மட்டும் புதுசா ஒரு அடுக்கு போட்டு இறுக்கமாக்க முடியாதான்னு கேட்டேன், ரீலைன்னு சொல்றாங்க. பல்லு நல்லா இருந்தா செய்யலாம், இங்க பல்லே தேஞ்சு உயரம் போயிருச்சு, விரிசல் வேற, புதுசு தான்னுட்டார். பொதுவா 5லேருந்து 10 வருஷத்துக்குள்ள மாத்த வேண்டி வரும், ஆனா வருஷத்தைப் பாக்காதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வாயைக் காட்டுங்கன்னார். ஒட்டுற பசை தினமும் முன்னை விட அதிகமா தேவைப்பட்டா அதுவே ஒரு அறிகுறியாம். துத்தநாகம் கலந்த பசையை வருஷக்கணக்கா அள்ளிப் போட்டா நரம்பு கூட பாதிக்குமாம்.

மார்ச் 25
பூஞ்சைக்கு மருந்து போட்டு செவப்பு போயிருச்சு. ராத்திரி கழட்டி பச்சத் தண்ணியில போட்டு வெக்கிறோம் (சுடுதண்ணி வேணாம், வளைஞ்சிடும்). நேத்து ராத்திரிலேருந்து செட்டே போடல, ஈறு அழுத்தம் விட்டு இயல்புக்கு வந்தா தான் புது செட்டுக்கு அளவு சரியா கிடைக்குமாம். அம்மா யார் கூடயும் பேசாம துண்டால வாயை மூடிக்கிட்டே டாக்டர்கிட்ட வந்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஏப்ரல் 8
மெழுகுல பல்லு அடுக்கி வாயில வெச்சுக் காட்டினாங்க. மாத்தணும்னா இப்பவே சொல்லணும், அப்புறம் முடியாது. அம்மா கண்ணாடியை ரொம்ப நேரம் பாத்துட்டு "முன்பல்லு கொஞ்சம் நீளமா இருக்கு டாக்டர்"னாங்க. உடனே மாத்தினார்.

ஏப்ரல் 19
புது செட்டு வந்து 4 நாள். கீழ ஒரு இடம் உரசிப் புண்ணாச்சு. வீட்டுல ராவிடலாமான்னு அம்மா கேட்டாங்க, கூடவே கூடாதுன்னு கூட்டிட்டுப் போனேன், செட்டைப் போட்டுக்கிட்டே வரணும்னு டாக்டர் சொல்லியிருந்தார், அப்பத் தானே எந்த இடம்னு தெரியும். 2 நிமிஷ வேலை. வாய் ஓரம் ஆறிடுச்சு. நாக்கு பழகறதுக்காக தினமும் காலையில பேப்பரை சத்தமா படிக்கிறாங்க, 'ச' வர்ற வார்த்தையில நின்னு, திரும்ப ஒரு தடவை சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போறாங்க.