செவுளுக்குள் குடித்தனம்

போன ஞாயிறு காசிமேட்டில் கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஒரு மீனின் செவுளைத் திறந்தால், இறாலுக்கும் கரப்பானுக்கும் பிறந்த மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சி இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே குட்டியாக இன்னொன்று. மீன்கார அக்காவுக்குப் போன் போட்டால், "புடுங்கிப் போட்டுட்டு குழம்பு வைப்பா, உன்ன ஒண்ணியும் பண்ணாது" என்றார். சரிதான், அது மனிதர்களைத் தொற்றுவதில்லை.

இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்த ஐசோபாட் அது. அந்தக் குட்டி, பிள்ளை இல்லை, புருஷன்! இந்தப் பூச்சிக் குடும்பத்தில் எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும், மீனுக்குள் முதலில் இடம் பிடித்தது வளர்ந்து பெண்ணாகிவிடும், பின்னால் வந்தது அவள் இருக்கும்வரை ஆணாகவே இருக்கும். சங்கராவின் சொந்தக்கார மீன் ஒன்று மெக்சிகோ பக்கம் உண்டு, அதன் வாயில் இதே குடும்பத்துப் பூச்சி ரத்தம் குடித்துக் குடித்து நாக்கையே அழித்துவிட்டு நாக்கு இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதை 1983-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

என்னைக் குடைந்தது வேறு. மீன் பெரிதாக இருந்தால் உள்ளே இருக்கும் பெண் பூச்சியும் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், பெரிய பூச்சி நிறைய குஞ்சு விடும், அதாவது வீட்டின் அளவுதான் குடியிருப்பவரின் வம்சத்தைத் தீர்மானிக்கிறது. குடியிருப்பவரோ ரத்தத்தை உறிஞ்சி, செவுளை அரித்து, வீட்டையே கெடுக்கிறார். என் மீனும் அதே நீளத்து மற்ற மீன்களைவிட இளைத்துத்தான் இருந்தது. ஆனால் பூச்சி வந்ததால் இளைத்ததா, இல்லை ஏற்கெனவே இளைத்துச் சோர்ந்து கிடந்ததால் பூச்சியிடம் மாட்டியதா? செத்த மீனைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நல்ல மீன்களைத் தொட்டியில் விட்டு, பாதிக்குப் பூச்சியை ஏற்றி, பாதியை அப்படியே விட்டு, நாள்கணக்கில் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ரொம்ப மோசமாகப் பாதிக்கப்பட்ட மீன் கடலிலேயே செத்திருந்தால் அது வலைக்கே வராது. சந்தையில் நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டும்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "இளைச்சது குழம்புல தெரியாது, புளியைக் கரை" என்றாள்.