ஜிடிபியின் ஃபினிஷ் கட்டளைக்குச் சோதனை எழுதப் பழகுவோருக்கு

ஜிடிபி என்பது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர். அதன் சோதனைத் தொகுப்பைப் படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஃபினிஷ் கட்டளையைத்தான். கட்டளை சின்னது. ஆனால் ஸ்டாக் ஃபிரேம் (ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கான நினைவகப் பகுதி), ரிட்டர்ன் முகவரி (அது முடிந்து திரும்பும் இடம்), ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் மதிப்பு வைக்கும் இடம்), டீபக் தகவல் (கம்பைலர் சேர்த்துவைக்கும் பெயர், வகை, வரி விவரம்) நான்கையும் தொடும்.

முதலில் அது என்ன செய்கிறது என்பது தெளிவாக வேண்டும். தேர்ந்தெடுத்திருக்கும் ஃபிரேமின் ரிட்டர்ன் முகவரியில் ஜிடிபி ஒரு தற்காலிக பிரேக்பாயிண்ட் (நிறுத்துமிடம்) வைத்து புரோகிராமை ஓடவிடும். அங்கே நின்றதும், ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகையை டீபக் தகவலிலிருந்து எடுத்து, அதற்குரிய ரெஜிஸ்டரைப் படித்து மதிப்பை அச்சிடும். லினக்ஸ் 64-பிட் இன்டெல் கணினியில் முழு எண் ஆர்ஏஎக்ஸில் வரும், தசம எண் எக்ஸ்எம்எம்0-இல் வரும். டீபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்த ஃபங்ஷனில் ஃபினிஷ் முதலில் அச்சிடும் ‘ரன் டில் எக்ஸிட்’ வரி வரும், மதிப்பு வரி வராது. புதிதாகப் பழகுபவர்கள் இதைப் பார்த்து ஜிடிபியில்தான் பிழை என்று தேடி ஒரு நாளைத் தொலைப்பதுண்டு.

சோதனைத் தொகுப்பு டெஜாக்னூ என்ற சோதனைச் சட்டகத்தில் ஓடுகிறது. அதற்கு அடியில், புரோகிராமோடு உரையாடி பதிலை ஒப்பிடும் எக்ஸ்பெக்ட், அதற்கும் அடியில் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழி. பில்ட் செய்த ஜிடிபி அடைவுக்குள் போய், டெஸ்ட்ஸ் மாறிக்கு ‘ஜிடிபி.பேஸ்/ஃபினிஷ்.எக்ஸ்ப்’ என்று கொடுத்து மேக் செக் ஓட்டினால் அந்தக் கோப்பு மட்டும் ஓடும். சுருக்கம் ஜிடிபி.சம் கோப்பில் இருக்கும், முழு உரையாடலும் ஜிடிபி.லாக் கோப்பில் இருக்கும். படிக்க வேண்டியது லாக் கோப்பை. ஃபெயில் வரியில் ‘டைம்அவுட்’ என்று இருந்தால் ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) திரும்பி வரவே இல்லை என்று பொருள்: புரோகிராம் நிற்காமல் ஓடுகிறது, அல்லது ஜிடிபி தொங்கிவிட்டது. வெறும் ஃபெயில் என்றால் பெரும்பாலும் ப்ராம்ப்ட் வந்துவிட்டது, எழுத்துதான் பொருந்தவில்லை.

அடிக்கடி இடறும் இடம் டாலர் குறி. ஜிடிபி அச்சிடுவது ‘வேல்யூ ரிட்டர்ன்ட் இஸ் $1 = 6’ என்பது போன்ற வரி. இதை டிசிஎல்லின் இரட்டை மேற்கோளுக்குள் அப்படியே எழுதினால் $1 என்பதை மாறியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு மாறி இல்லை என்று ஸ்கிரிப்ட் விழும். முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் டாலர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்தைப் பொருத்திப் பார்க்கும் பேட்டர்ன்) வரை போய்ச் சேரும், ஆனால் அங்கே அதற்கு ‘உரையின் முடிவு’ என்று பொருள், ஒருபோதும் பொருந்தாது. மூன்று பின்சாய்வுக்கோடு வேண்டும். நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஒன்று போதும், ஆனால் அங்கே எந்த மாறியும் விரியாது. 1 என்ற எண்ணையும் நிலையாக எழுதாதீர்கள். ஜிடிபி அச்சிட்ட மதிப்புகளின் வரலாற்றில் ஒவ்வொரு முறையும் அது கூடும், [0-9]+ என்று விடுங்கள்.

இனி முக்கியமானது. ‘ரன் டில் எக்ஸிட்’ வந்ததா என்று மட்டும் பார்க்கும் சோதனை எதையும் சோதிக்கவில்லை. தவறான மதிப்போடு நின்றாலும் அது பாஸ் ஆகும். எதிர்பார்க்கும் மதிப்பை, தவறு நடந்தால் தற்செயலாகக்கூட வர முடியாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும். 0, 1 இரண்டையும் தவிருங்கள். ஷார்ட் வகைக்கு (16 பிட் முழு எண்) ஓர் எதிர்ம எண், சொல்லப்போனால் -4, கொடுங்கள். ரெஜிஸ்டரில் கீழ் 16 பிட் மட்டுமே நம்பத்தக்கது, குறியை ஜிடிபி தப்பாக எடுத்தால் உடனே வெளிப்படும். ஸ்ட்ரக்சருக்கு 16 பைட்டில் ஒன்று, அதைவிடப் பெரியதாக இன்னொன்று: லினக்ஸ் 64-பிட் இன்டெல்லின் ஏபிஐயில் (ஃபங்ஷன்கள் மதிப்பைப் பரிமாறும் விதிமுறை) 16 பைட்டைத் தாண்டினால் மதிப்பு ரெஜிஸ்டரில் வராது, நினைவகத்தில் வரும்.

மறுசுழல் ஃபங்ஷன், அதாவது தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன், நல்ல உரைகல். ஃபேக்டோரியல் 5-ஐக் கூப்பிட்டு, என் = 3 என்ற நிபந்தனையோடு பிரேக்பாயிண்ட் வையுங்கள். அங்கே ஃபினிஷ் கொடுத்தால் 6 வர வேண்டும். ஏன் இது கடினமான சோதனை? ஃபேக்டோரியல் 1 முடிந்து திரும்புவதும் அதே முகவரிக்குத்தான். தற்காலிக பிரேக்பாயிண்ட் அங்கேயே தட்டும். அது எந்த ஃபிரேம் என்று ஜிடிபி பார்க்காமல் நின்றுவிட்டால் 1 என்று காட்டும். அதே இடத்தில் முதலில் ‘அப்’ கொடுத்து ஒரு ஃபிரேம் மேலே போய் ஃபினிஷ் செய்தால் 24 வர வேண்டும். நிபந்தனையை மறந்தால் முதலில் ஃபேக்டோரியல் 5-இலேயே நிற்கும். அங்கே ஃபினிஷ் கொடுத்தால் உள்ளே ஃபேக்டோரியல் 4-இலேயே பிரேக்பாயிண்ட் நிறுத்திவிடும், மதிப்பு வரியே வராது. அது சரியான நடத்தைதான், அதற்கும் தனிச் சோதனை எழுதலாம். ஓ2 உகப்பாக்கத்தில் (கோடை வேகமாக்கும் கம்பைலர் தேர்வு) மட்டும் இதைக் கம்பைல் செய்யாதீர்கள். ஜிசிசி கம்பைலர் இந்த மறுசுழலை லூப்பாக மாற்றிவிடும், முடிக்க ஃபிரேமே இருக்காது.

ஃபினிஷ் நிற்கும் வரியையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஃபங்ஷனை அழைக்கும் இயந்திரக் கட்டளைக்குப் பிறகு அதே மூல வரியில் இன்னும் இயந்திரக் கட்டளைகள் மீதமிருந்தால் முகவரியோடு ‘இன் மெயின்’ என்று வரும், இல்லாவிட்டால் முகவரி இல்லாமல் அடுத்த வரியே வரும். இது கம்பைலருக்குக் கம்பைலர், ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறும். பேட்டர்ன் இரண்டையும் ஏற்கட்டும். மதிப்பு வரியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் 6-ஐ 7 ஆக மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். ஃபெயில் வராவிட்டால் உங்கள் பேட்டர்ன் எங்கோ தளர்வாக இருக்கிறது. பெரும்பாலும் சமக்குறிக்குப் பின்னால் ஒரு ‘.*’ ஒளிந்திருக்கும்.