கதவின் அடிமடிப்பு

ஒரு கார் கதவைத் திறந்து அதன் கீழ்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால், வெளித்தகடு உள்தகட்டின் ஓரத்தைச் சுற்றி மடங்கி, அதை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். சேலைக்கு ஓரம் அடிப்பதைப் போன்ற அந்த மடிப்புக்கு எங்கள் தொழிலில் ஹெம்மிங் என்று பெயர். 1980களில், ஐ.டி.ஐ. முடித்த கையோடு, கார் கம்பெனிகளுக்குக் கதவுகளும் மட்கார்டுகளும் செய்து கொடுத்த அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். ஒன்பது ஆண்டுகள் அந்த மடிப்பைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். பழைய கார்கள் ஏன் அப்படித் துருப்பிடித்தன என்று கேட்டால், இரும்பின் தரம், கடற்காற்று, வண்டி வைத்திருந்தவரின் அலட்சியம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மடிப்பும், அதற்குள் நாங்கள் வைத்து மூடிய எண்ணெயும் வியர்வையும்தான்.

அந்தக் காலத்து இரும்பு கனமானது, நல்லது என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் இருக்கிறது. கனமானது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் தகட்டின் கனம் துருவைத் தடுப்பதில்லை, ஓட்டை விழும் நாளைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். கார் உடலைக் கட்டும் முறையே அதற்குள் மாறிவிட்டிருந்தது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முற்காலத்தில் தடித்த இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தனியாக ஏற்றி வைத்தார்கள். பிறகு, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய தகடுகளைப் பெட்டிபோல் மடித்து, ஒன்றோடொன்று புள்ளிபுள்ளியாக உருக்கி ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் செய்து, அந்த உடலையே பாரம் தாங்க வைத்தார்கள். நம் அம்பாசடரும் அப்படிக் கட்டப்பட்டதுதான். எடை குறைந்தது, செலவு குறைந்தது, ஒரு நாளில் செய்யக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உட்புறம் உண்டு. ஃபுட்போர்டின் உள்ளே, தரைக்கு அடியில் ஓடும் சட்டங்களின் உள்ளே, கதவுத் தூண்களின் உள்ளே பெயிண்ட் கன் எட்டாது. வெளியே கண்ணாடிபோல் மின்னும் வண்டியின் உள்ளறைகளில் வெறும் தகடு அப்படியே இருந்தது.

ஒரு கார் உடலில் 3000 முதல் 5000 வரை ஸ்பாட் வெல்டுகள் இருக்கும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே இரு தகடுகளும் தொட்டும் தொடாமலும் மயிரிழை இடைவெளியுடன் நிற்கும். அந்த இடைவெளி தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப்போல உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் எளிதில் திருப்பித் தராது. வெளியே மூன்று நாள் வெயில் அடித்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

அந்த இடுக்கில் நடப்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. காற்று நன்றாகப் படும் இடத்தில்தான் இரும்பு அதிகம் அரிக்கப்படும் என்று நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வேதியியலாளர் யூலிக் ஈவன்ஸ் 1920களில் ஒரு துளி உப்புநீரை இரும்பின் மேல் வைத்துக் காட்டியது வேறு. துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. இந்த வேறுபாட்டினாலேயே அந்தத் துளி ஒரு சிறிய மின்கலமாகிவிடுகிறது, கரைவதோ நடுவிலுள்ள இரும்பு. கதவின் மடிப்பிலும் இதேதான் நடக்கிறது. காற்று எட்டாத ஆழத்தில் தகடு கரைந்துகொண்டே போகும், வாய்ப்பக்கத்தில் சிவப்புப் பொடி சேரும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மடிப்பு மெல்ல வீங்கிப் பிளக்கும். பெயிண்டில் முதல் கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மடித்துக்கொண்டிருந்த நாள்களில் எங்களுக்குத் தெரிந்தது கண்ணால் கண்டது மட்டும்.

சி.ஆர். ஷீட், அதாவது சூடாக்காமல் உருட்டிய மெல்லிய இரும்புத் தகடு, எண்ணெய் பூசித்தான் வரும். பிரஸ்ஸில் இழுப்பதற்கு மேலும் எண்ணெய் தடவுவோம். வெளித்தகட்டின் மேல் உள்தகட்டை வைத்து ஓரத்தை மடித்தவுடன் அந்த எண்ணெய் முழுவதும் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிறகு எந்தத் தொட்டியில் முக்கினாலும் மடிப்புக்குள் இருக்கும் எண்ணெய் போகாது, எண்ணெய் இருக்கும் இடத்தில், பெயிண்டுக்கு அடியில் பூசும் ப்ரைமர் ஒட்டாது. இப்போது மடிப்பதற்கு முன்பே ஓரத்தில் பசை இழுத்து, மடித்த பின் வாயில் சீலர் வைத்து அடைக்கிறார்கள். அன்று எங்கள் லைனில் இரண்டும் கிடையாது.

வியர்வை இன்னொரு பாடம். சித்திரை மாதத்தில் தகர ஷெட்டுக்குள் கையுறை போட்டு வேலை செய்ய யாருக்கும் மனம் வராது. எண்ணெய் துடைத்த தகட்டை வெறுங்கையால் தூக்கி வைத்தால், மறுநாள் காலையில் அதன் மேல் ஐந்து விரல்களும், ரேகை உட்பட, செம்பழுப்பு நிறத்தில் எழுந்து நிற்கும். எல்லார் கையும் அப்படிப் பதிவதில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் கை பட்ட இடம் தவறாமல் சிவந்துவிடும், எனக்கு அவ்வளவாக வராது. வியர்வையில் உள்ள உப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று மேஸ்திரி சொன்னார். அந்த நண்பரைக் கடைசித் துடைப்பு வேலையிலிருந்து பிரஸ் பக்கம் மாற்றினார்கள். அவருக்கு அது மிகுந்த மனவருத்தம். அவருடைய தவறு அதில் ஒன்றும் இல்லை என்பதை அன்று நாங்கள் யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லாதது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொள்ளும்போது நிலைமை இன்னும் மோசமாகும். ஷெட்டில் இடம் போதாமல் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கிய கதவுகளின் மேல் ஒரே இரவில் செந்நிறம் படர்ந்துவிடும். பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைப்போம், போகாத இடத்தில் எம்ரி பேப்பர் போட்டுத் தேய்ப்போம். தேய்க்கக் கை எட்டுகிற இடம் பளிச்சென்று ஆகிவிடும். கை எட்டாத மடிப்பின் உள்பக்கத்தில் துரு அப்படியே இருக்க, அதன் மேல் ப்ரைமர் ஏறிவிடும்.

ப்ரைமருக்கு முன்னால் ஏழு தொட்டிகள் இருந்தன. எண்ணெய் நீக்க ஒன்று, கழுவ ஒன்று, துரு நீக்கும் அமிலத்துக்கு ஒன்று, மீண்டும் கழுவ ஒன்று, பிறகு பாஸ்பேட்டுக்குத் தகட்டைப் பக்குவப்படுத்துவது, பாஸ்பேட், கடைசிக் கழுவல். பாஸ்பேட் என்பது இரும்பின் மேல் நுண்ணிய படிகங்களாகப் பிடிக்கும் ஒரு பூச்சு. பெயிண்டுக்கு அதுதான் பிடிமானம். நல்ல முறைதான், ஆனால் அதன் உயிர் கழுவும் தண்ணீரில் இருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வராத நாள்களில் போர்வெல் நீரில் கழுவினோம், அதுவும் குறைந்தபோது ஒரே தண்ணீரை நாள்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தோம். அமிலமும் உப்பும் தகட்டோடு அடுத்த தொட்டிக்குப் போய், கடைசியில் பெயிண்டுக்கு அடியில் தங்கின. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். ஒருமுறை நான் மேஸ்திரியிடம், “அண்ணே, இந்தத் தண்ணியில கழுவுறதுக்குக் கழுவாமலே விட்டுடலாமே” என்றேன். அவர் நெடுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்குத் தெரியாதா தம்பி? சாயங்காலம் எண்ணிக்கை கேட்பாங்களே” என்றார். தொழில் தெரிந்த, கண்டிப்பான மனிதர் அவர். எண்ணிக்கைத் தாளில் கதவுகளின் கணக்கு இருந்தது, கழுவிய தண்ணீருக்குக் கட்டம் இல்லை.

இது நம் நாட்டுக் குறை என்று நினைக்க வேண்டாம். பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு கொட்டும் நாடுகளில் 1970களின் கார்கள் நம் கார்களைவிட வேகமாக அழிந்தன. இத்தாலியின் லான்சியா பீட்டா காரில் எஞ்சினைத் தாங்கும் சட்டம் துருப்பிடித்து, 1980இல் பிரிட்டனில் லான்சியா கம்பெனி வண்டிகளைத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. 1994இல் அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. இத்தாலியக் கார்கள் அப்படியானதற்குச் சோவியத் நாட்டிலிருந்து வந்த மட்டமான இரும்புதான் காரணம் என்று பரவலாக ஒரு கதை உண்டு. ஒன்பது ஆண்டுகள் தகட்டோடு பழகிய எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் பார்த்தவரையில் தகட்டின் நடுவில் துரு தொடங்கியது அரிது, எப்போதும் ஓரத்திலும் இணைப்பிலும்தான் தொடங்கியது. இரும்பு கெட்டது என்றால் எங்கும் ஒரேபோல் அரித்திருக்க வேண்டும் அல்லவா?

1990களின் கடைசியில் சென்னைக்கு வெளியே எழுந்த ஒரு பெரிய கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் ஈ.டி. தொட்டியை, அதாவது மின்சாரத்தால் பெயிண்ட் ஏற்றும் தொட்டியை, முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டியில், சாம்பல் நிறப் பாலைப்போல் பெயிண்ட் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். முழு உடலும் அதற்குள் மூழ்கும், 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாயும், பெயிண்ட் துகள்கள் இரும்பைத் தேடிப் போய் ஒட்டும். ஒட்டிய இடம் மின்சாரத்தைத் தடுக்கத் தொடங்குவதால், மின்சாரம் இன்னும் பூச்சு ஏறாத இடத்தைத் தேடிப் போகும். இப்படியே வெளிப்புறம் முடிந்து, துளைகள் வழியாகப் பெட்டிகளின் உள்மூலை வரை பெயிண்ட் தானாகப் போய்ச் சேரும். எந்த மனிதக் கையும் எட்டாத இடம் அது.

இந்த முறையை ஃபோர்டு கம்பெனியில் ஜார்ஜ் புரூவர் உருவாக்கினார், 1960களின் தொடக்கத்திலேயே அது பயனுக்கு வந்துவிட்டது. ஆனால் முதலில் கார் உடலை நேர்மின் முனையாக வைத்தார்கள். அப்படி வைத்தால் இரும்பு சிறிது கரைந்து பூச்சுக்குள்ளேயே கலந்துவிடும், பாஸ்பேட்டும் சேதமாகும். 1976இல் பி.பி.ஜி. என்ற அமெரிக்கப் பெயிண்ட் கம்பெனி கார் உடலை எதிர்மின் முனையாக மாற்றிய பெயிண்டைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த வண்டிகளையும் முன் வந்தவற்றையும் ஒப்பிட்டால் அந்த ஒரு மாற்றத்தின் பலன் விளங்கும். ஏறத்தாழ அதே காலத்தில் துத்தநாகம் பூசிய தகடும் நுழைந்தது: 1975இல் போர்ஷே 911 காரில், 1985இல் ஆடி 100 காரில். துத்தநாகம் தான் முன்னே கரைந்து இரும்பைக் காக்கும். எங்கள் வெல்டிங் நண்பர்களுக்கு அந்தத் தகட்டைப் பிடிக்காது. செம்பு முனையில் துத்தநாகம் ஏறிப் பிடித்துக்கொள்வதால் முனையை அடிக்கடி சீவ வேண்டும். அந்தச் சிரமம் நியாயமானதே, ஆனாலும் நான் ஒருபோதும் அவர்கள் பக்கம் பேசியதில்லை.

அங்கே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல உடலை எடுத்து அறுத்துப் பார்ப்பார்கள். முதல் முறை ஃபுட்போர்டை நீளவாக்கில் பிளந்து மேசை மேல் வைத்தபோது நான் அருகில் நின்றேன். மூன்று தகடுகள் சேரும் மூலை, அம்பத்தூரில் நாங்கள் பார்க்கவே முடியாத இடம், ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது. அளவுகருவியை வைத்த பொறியாளர் வெளியே 20 மைக்ரான், உள்ளே 11 என்று படித்தார். தலைமயிரின் தடிப்பில் கால்பங்குகூட இல்லாத அந்தப் பூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மேஸ்திரி அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆவடியிலிருந்த என் மாமா, தன் பழைய காரின் இடப்பக்கக் கதவு அடியில் வீங்கியிருக்கிறது என்று கூப்பிட்டார். டிங்கரிங் ஷெட்டில் கதவைக் கழற்றிக் கவிழ்த்தபோது, மடிப்பின் ஓரத்தில் எங்கள் பழைய பட்டறையின் அச்சுக் குறி இருந்தது. டிங்கர் உளியை வைத்துத் தட்ட, மடிப்பு காய்ந்த இலைபோல் உதிர்ந்து, செங்கல் தூள்போல இரண்டு கை நிறையக் கொட்டியது. தண்ணீர் வடிய வேண்டிய மூன்று துளைகளில் இரண்டு, யாரோ பின்னால் அடித்த கருப்புப் பூச்சினால் அடைபட்டிருந்தன. நான்கு அங்குலத்துக்குக் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதாக டிங்கர் சொன்னார். வைக்கப்போன தகட்டின் உள்பக்கம் வெறுமையாகவே இருந்தது.

“அண்ணே, மடிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே ரெட் ஆக்சைடு அடிச்சுக் காய விடலாமா?” என்று கேட்டேன். அன்றைக்கே வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று அவர் தயங்கினார். நாளைக்குக் கொடுத்தால் போதும் என்று மாமா சொல்லிவிட்டார். எண்ணெயைத் தின்னரில் துடைத்து, ஓரம் வரை இரண்டு கோட்டிங் நானே அடித்தேன். ஷெட்டில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் கையுறையோடு தகட்டைக் காயவைத்தோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால், காய அன்று இரவு முழுவதும் ஆயிற்று.