ஏழரை லிட்டர் பஞ்சாயத்து

கோவையில் பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, அறுபது வயதை நெருங்கும் நேரத்தில், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் 2016 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. என்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்துவிட்டார். 5.0 லிட்டர், எட்டு சிலிண்டர், வி8 என்ஜின். முதல் சில நாட்கள் அதன் சத்தத்தையும் மைலேஜையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த உறவினர்கள், "முதல்ல ஆயில மாத்திரோணும்" என்று அவர் வாய்தவறிச் சொன்ன மாலையிலிருந்து நிபுணர்களாக மாறிவிட்டார்கள். எங்கள் ஊரில் நான்கு பேர் கூடினால் அவர்களில் மூன்று பேருக்கு லேத் ஓட்டத் தெரியும் என்பதால், என்ஜினைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையை யாரிடமிருந்தும் பறிக்க முடியாது.

இத்தனைக்கும் விடை பானட்டுக்குள்ளேயே இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியின் மேல் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எஸ்.ஏ.இ. 5டபிள்யூ-20 என்ற குறி அச்சிட்டிருந்தது. அந்த மூடிதான் கலவரத்தைத் தொடங்கிவைத்தது.

"இருவதா? அது தண்ணி மாதிரி ஓடுமேடா! நம்மூரு வெயிலுக்கு அது நிக்குமா?" என்றார் பெரியப்பா. இரண்டு லாரிகளும் ஒரு டிராக்டரும் வைத்திருக்கும் அவர், பேச்சோடு நிறுத்தாமல் தன் தோட்டத்துக் கொட்டகையில் பாதி நிறைந்திருக்கும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பீப்பாயிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று தாராளமாக அறிவித்தார். புல்லட் ஓட்டும் அத்தை மகன், 15டபிள்யூ-50 ஊற்றிவிட்டுப் பிறகு தன்னோடு பேசும்படி சொன்னான். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில் நனைந்துகொண்டே ஓடுவதால், அது வழுக்கிவிடாதபடி உராய்வைக் குறைக்கும் சில சேர்மானங்களைத் தவிர்த்துத்தான் பைக் ஆயிலைத் தயாரிக்கிறார்கள் என்றும், காருக்கு அந்தச் சலுகை தேவையில்லை என்றும் நான் விளக்கியதை அவன் தன் சாதிசனத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "எதுக்குடா இத்தன ரோசனை, வெளக்கெண்ணெய ஊத்தி உடுங்க" என்று முடித்துவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று பேசியவர்களில் வரலாற்றுக்கு மிக அருகில் நின்றவர் அவர்தான். முதல் உலகப் போர்க்கால விமான என்ஜின்கள் பலவற்றிலும், அந்தக் காலத்துப் பந்தயக் கார்கள் சிலவற்றிலும் ஆமணக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள்; கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் அதற்கு உண்டு. சும்மா நிறுத்திவைத்தால் உள்ளே பிசினாக உறைந்துபோகும் குணமும் அதற்கு உண்டு என்பதை நான் அப்பத்தாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காந்திபுரம் பக்கம் ஓர் ஆயில் கடைக்குச் சித்தப்பாவோடு போனேன். கடைக்காரர் காரின் பெயரைக் கேட்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இரண்டு டப்பாக்களைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை எடுத்துச் சித்தப்பாவின் இரண்டு கட்டைவிரல்களிலும் வைத்து, ஆள்காட்டி விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார்.

"எதுங்ண்ணா கெட்டியா இருக்குது?"

"வலது கைல இருக்கறதுங்க."

"அதுதானுங்க அம்பது. பெரிய வண்டிக்குப் பெரிய நம்பர்ங்ண்ணா."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கிரீஸோடு புழங்கிய கை அது. பிசுபிசுப்பு என்றால் பலம் என்று அந்தக் கை நம்பிவிட்டது. விரல் இருந்தது முப்பது சொச்சம் டிகிரியில், என்ஜின் வேலை செய்வதோ நூறு டிகிரிக்கு அருகில் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண்ணை நிர்ணயிப்பதே நூறு டிகிரியில் ஆயில் ஓடும் வேகம்தான். அந்தச் சூட்டில் 20 என்கிற ஆயில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை இருக்கும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரை இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் 5, பனியில் உறைந்து கிடக்கும் என்ஜின் மைனஸ் முப்பது டிகிரியில் சுழலுமா என்பதற்கான சான்றிதழ். மார்கழியில் போர்வையோடு நடைப்பயிற்சி போகும் கோவைக்காரர்களுக்கு அதனால் பெரிய லாபமில்லை. "அப்ப நம்ம வெயில்?" என்றார் சித்தப்பா. வெயில் எவ்வளவு அடித்தாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து என்ஜின் தண்ணீரைத் தொண்ணூறு டிகிரியை ஒட்டியே வைத்துக்கொள்ளும் என்றும், காலையில் கார் கிளம்பும்போது அந்த "தண்ணி" ஆயிலே வேண்டியதைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தேசம் தெரிந்தது.

அப்போதுதான் சித்தப்பா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். இரவு முழுக்கக் கைபேசியில் படித்திருக்கிறார். 2012-இல் வந்த பாஸ் 302 மஸ்டாங்கிலும் இதே குடும்பத்து 5.0 லிட்டர் என்ஜின்தான் என்றும், அதற்கு ஃபோர்டே 5டபிள்யூ-50 ஊற்றச் சொல்லியிருக்கிறது என்றும் வெற்றியோடு சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 20 என்ற மெல்லிய ஆயிலை அமெரிக்காவில் பரப்பியதில் அந்த நாட்டின் எரிபொருள் சிக்கன விதிகளுக்கும் பங்குண்டு என்பதும் உண்மைதான். ஆனால் பாஸ் 302, பந்தயப் பாதையில் சுற்றுக்குமேல் சுற்று விரட்டுவதற்காகச் செய்த வண்டி. அங்கே ஆயிலின் சூடு சாலையில் பார்க்க முடியாத உயரத்துக்கு ஏறும். "சித்தப்பா, செட்டிபாளையம் டிராக்குக்கு எப்பப் போறீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கார் வந்த நாள் முதல் போன அதிகபட்ச தூரம் மருதமலை அடிவாரம். அதிகபட்ச வேகம், பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி அனுமதித்த வேகம்.

வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் கேம் அமைப்பு இந்த என்ஜினில் ஆயிலை நம்பித்தான் இயங்குகிறது என்பதும், பேரிங் இடைவெளிகளையெல்லாம் பார்த்துத்தான் கையேட்டில் ஆயிலை எழுதுகிறார்கள் என்பதும் லேத்காரரான அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர் இறங்கிவந்தார். 20 என்ற அந்த எண்ணைவிட முக்கியமாக, டப்பாவின் பின்பக்கத்தில் கையேடு கேட்கும் ஃபோர்டு தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்தோம், டபிள்யூ.எஸ்.எஸ்.-எம்2சி என்று தொடங்கி மின் இணைப்பு எண்ணைப் போல நீளும் அந்தக் குறியீட்டைச் சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். அந்தக் கடையில் அது இல்லை. விநியோகஸ்தரிடம் சொல்லிவைத்து வரவழைத்தோம். போலி ஆயில் புழங்கும் காலத்தில் இரண்டு நாள் காத்திருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இந்த என்ஜின் ஃபில்டரோடு சேர்த்துக் குடிப்பது 7.6 லிட்டர். "ஏழரையா?" என்று சித்தி நெற்றியைச் சுருக்கினார், நூறு மில்லி கூட இருக்கிறது என்று சித்தப்பா அவசரமாகச் சமாதானம் சொன்னார். ஒரு லிட்டர் டப்பாக்கள் எட்டு வந்தன. பில்லைப் பார்த்த சித்தி, அந்தக் காசுக்கு ஒரு வருஷத்துக்குச் செக்கு நல்லெண்ணெய் வாங்கியிருக்கலாம் என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஆயில் மாற்றி முடித்ததும், காலி டப்பாக்கள் போலிக்காரர்களின் கைக்குப் போய்விடக்கூடாது என்று நான் சொன்னதைச் சித்தப்பா அளவுக்கு மீறி நம்பிவிட்டார். ஆணியால் ஒரு குத்துக் குத்தினால் போதும். அவரோ எட்டு டப்பாக்களையும் பட்டறைக்கு எடுத்துப்போய், டிரில்லிங் மெஷினில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் துளை போட்டுக் கொண்டுவந்து திண்ணையில் அடுக்கினார். அப்பத்தா அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இத்தன கெட்டி டப்பா, மூடியோட. தேங்காயெண்ண ஊத்தி வெச்சுக்கலாம்னு இருந்தனே, எல்லாத்தையும் சல்லடையாக்கிப் போட்டயேடா பாவி" என்றார்.