பர்மிஷன் இஷ்யூ சார்

ஆபீஸில் கம்ப்யூட்டர், சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜிஎஸ்டி ஃபைலில் வேலை பார்க்கும் அந்தப் பெண் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அண்ணா, நேத்து வரைக்கும் இந்த ஃபைல் சேவ் ஆச்சு, நீங்க ஏதாவது மாத்தினீங்களா?" நான் யோசிக்கவே இல்லை. "நான் எதையும் தொடலம்மா" என்றேன்.

அன்று 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாள். ஃபைல் திறக்கிறது, சேவ் கொடுத்தால் ரீட் ஒன்லி, அதாவது படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது. நெட்வொர்க்கில் அந்த ஃபோல்டரைப் பகிர்ந்திருக்கும் ஷேர் பர்மிஷன் பார்த்தேன், சரியாக இருந்தது. அதே ஃபோல்டரில் புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல் போடச் சொன்னேன், போட முடிந்தது. "மத்ததெல்லாம் சேவ் ஆகுதே, உங்க எக்ஸெல்லைப் பாருங்க, லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு அவருடைய மேலாளர் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த ஒரு ஃபைலில் யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் செக்யூரிட்டி டேபைத் திறந்தபோதுதான் புரிந்தது. முந்தின நாள் மாலை அவர் கேட்டதால் பேக்கப்பிலிருந்து அதை மீட்டுக் கொடுத்தது நான். சர்வரில் என் ரீஸ்டோர் ஃபோல்டரில் இறக்கி, அங்கிருந்து கட் செய்து அவர் ஃபோல்டரில் பேஸ்ட் செய்திருந்தேன். ஒரே டிரைவுக்குள் காப்பி செய்தால் புது இடத்தின் அனுமதி வரும், நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே வந்துவிடும். என் ஃபோல்டரில் மற்றவர்களுக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, பல வருடமாகத் தெரியும்.

மேல் ஃபோல்டரின் அனுமதியை ஃபைலுக்கு மறுபடி இறக்கினேன், சேவ் ஆனது. மேலாளர் "என்ன பிரச்சினை?" என்றார். "பர்மிஷன் இஷ்யூ சார்" என்றேன்.

பொய் இல்லைதான். யாரால் வந்தது என்று அவர் கேட்கவும் இல்லை, ரிட்டர்ன் போக வேண்டிய அவசரத்தில் அதை விளக்கிக்கொண்டு நிற்கவும் முடியாது. ஆனால் மறுநாள் அவசரம் எதுவும் இல்லையே, அன்றும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் வாங்கிய திட்டு இல்லை என்று ஆகிவிடுமா என்று ஒரு நாள் தோன்றும், அதையெல்லாம் விடு, நீ சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னொரு நாள் தோன்றும்.

இப்போதெல்லாம் அந்தப் பெண் எந்தப் பிரச்சினைக்குப் போன் செய்தாலும் முதல் வார்த்தையே, "அண்ணா, நான் எதையும் தொடல" என்பதுதான்.